கமரா வாங்க முதல் படம் கழுவும் கணக்கு

கேள்வி: என் போன் 50 மெகாபிக்சல். கடையில் காட்டும் கமராவோ 24தான். பிள்ளையின் மேடை நடனம், கோயில் திருவிழா, வீட்டு விசேஷங்கள் எடுக்கத்தான் தேவை. கமரா வாங்குவதில் பலன் உண்டா?
– வாசகி, கல்முனை

பதில்: படத்தை எந்த அளவில் கழுவப் போகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 4×6 அங்குலப் படத்துக்கு அது 1200×1800 புள்ளி. ஒரு மெகாபிக்சல் என்பது பத்து இலட்சம் புள்ளி, ஆகவே இது 2 மெகாபிக்சலைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். 8×12க்கு 8.6. சுவரில் மாட்டும் 12×18ஐ எட்ட நின்றுதான் பார்ப்பார்கள், 200 புள்ளி போதும், அதுவும் 8.6தான். ஆக 24ம் மிச்சம், 50ம் மிச்சம். அந்த 50ஐயும் போன் பெரும்பாலும் நாலு புள்ளியை ஒன்றாக்கி 12.5 ஆகத்தான் சேமிக்கிறது.

வித்தியாசம் வெளிச்சத்தைப் பிடிக்கும் தகடான சென்சரின் பரப்பில் இருக்கிறது. லென்ஸ் மாற்றும் கமராக்களில் பரவலான ஏபிஎஸ்-சி அளவில் அது ஏறத்தாழ 23.5×15.6 மி.மீ.; சாதாரண போனில் 10 மி.மீ. அகலமே இராது. கல்லடிப் பாலத்தில் பகல் வெளிச்சத்தில் எடுத்தால் 4×6இல் எது போன், எது கமரா என்று சொல்வது கடினம். மங்கிய மண்டபத்தில் நிலைமை வேறு. ஆனால் அங்கே கமரா மட்டும் காப்பாற்றாது. பெட்டியோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸ், 55இல் எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலும்). 35 அல்லது 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். ஷட்டர் 1/15 செக்கன் திறந்திருக்க வேண்டிய இடத்தில் 1/125 போதும். அடவு போடும் கால் இன்னும் சற்றுக் கலங்கும். முகமும் முத்திரையும் நிற்கும்.

புது மொடலுக்குக் கொடுக்கும் காசைப் பழைய மொடலுக்கும் இரண்டாவது லென்ஸுக்குமாகப் பிரியுங்கள். ஒரு பொறி: நைகோன் டி3500, டி5600 போன்றவற்றின் உடலில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று 50 மி.மீ. 1.8டி வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 1.8ஜி என்று இருப்பதைக் கேளுங்கள், அதில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். பகலில் மட்டும் எடுப்பதென்றால் கமராவே வேண்டாம். அந்தக் காசுக்குப் படங்களைக் கழுவி அல்பம் போடலாம்.

கேள்வி: பாவித்த டிஎஸ்எல்ஆர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், ஏறாவூர்

பதில்: உங்கள் மெமரி கார்டைக் கொண்டு போங்கள். எஃப் 16 வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரை எடுங்கள். சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் சென்சரில் தூசு. அது துடைக்கக்கூடியது, விலையைக் குறைக்க ஒரு காரணம். லென்ஸைக் கழற்றிப் பின்பக்கத்தால் டோர்ச் அடித்து முன்னால் பாருங்கள். ஓரிரு தூசு பரவாயில்லை. சிலந்தி வலைபோல நூல் ஓடியிருந்தால் பூஞ்சணம், எடுக்க வேண்டாம். நைகோனில் ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்பது படக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். தொடக்க நிலை உடல்களின் ஷட்டர் 1,00,000 வரை என்ற கணக்கில் செய்யப்படுவது. கெனன் பெரும்பாலும் அதைப் பதிவதில்லை. விற்பவர் சொல்வதை நம்பாமல், கைப்பிடி ரப்பரின் தேய்மானத்தைப் பாருங்கள். பற்றரி ஊதியிருந்தால் அதன் விலையையும் கழியுங்கள்.

கேள்வி: கடையில் கழுவினால் படம் இருண்டு, ஓரம் வெட்டுப்பட்டு வருகிறது. வீட்டுக்கு பிரின்டர் வாங்குவது மலிவா?
– வாசகர், திருக்கோவில்

பதில்: வெட்டுப்படுவது கடையின் பிழையல்ல. போன் படம் 4:3, 4×6 தாள் 3:2. 6 அங்குல அகலத்துக்கு உங்கள் படம் 4½ உயரம் கேட்கும்; தாளில் 4தான். அரை அங்குலம் போகும், குழுப் படத்தில் அது தலையும் காலும்தான். கொடுக்க முதல் நீங்களே 3:2க்கு வெட்டுங்கள். இருள்வது, போன் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துப் படத்தைத் திருத்துவதால். திரையைப் பாதிக்குக் குறைத்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். டொகியுமென்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொடுங்கள்.

காசு மிச்சம் பிடிக்க ஒரு வழி: 12×18 தாளொன்றில் 4×6 படம் ஒன்பது அடங்கும். 3600×5400 அளவில் ஒன்பதையும் அடுக்கிக் கொடுத்து, இரும்பு அடிமட்டம் வைத்து பிளேட்டால் நீங்களே வெட்டலாம். இயந்திரம் ஓரத்தில் ஓரிரு மி.மீ. தின்னும், ஆகவே ஒவ்வொரு படத்தையும் சுற்றி வெள்ளைக் கரை விடுங்கள். ஒரு தாளின் விலையை ஒன்பதால் வகுத்து, தனிப் படத்தின் விலையோடு ஒப்பிட்ட பிறகே இறங்குங்கள். எல்லாக் கடையிலும் இது லாபமில்லை.

பிரின்டர், மாதம் முழுக்க அடிப்பவர்களுக்குத்தான். சும்மா கிடந்தால் மை தெளிக்கும் ஹெட்டில் மை காய்ந்து அடைக்கும். துப்புரவாக்க ஓடவிட்டால் படத்துக்குப் போக வேண்டிய மை கழிவுப் பஞ்சில் போய்ச் சேரும். வாரத்துக்கு ஒரு கலர்ப் படமாவது அடிக்க வேண்டும். சில நாலு நிற டாங்க் பிரின்டர்களின் (மையை ஊற்றி நிரப்புபவை) கறுப்பு, தாளின் மேல் படியும் பிக்மென்ட் மை. பளபளத் தாளில் அதைத் தொடாமல் மற்ற மூன்று நிறத்தைக் கலந்து கறுப்பாக்கும். தலைமுடி கபிலமாக வருவது அதனால்தான். படத்துக்கென்றே வாங்குவதானால் ஆறு நிறம் பாருங்கள். அடிக்கும்போது தாள் வகையைச் சரியாகத் தெரிவு செய்யாமல் ‘பிளேன் பேப்பர்’ என்று விட்டால் நிறம் வெளிறி, மை திட்டுத் திட்டாக நிற்கும். அடித்த படத்தை ஒரு நாள் காயவிட்டே அல்பத்தில் வையுங்கள்.

கேள்வி: கடலோரத்தில் வீடு. லென்ஸைப் பூஞ்சணத்திலிருந்து எப்படிக் காப்பது?
– வாசகி, வாழைச்சேனை

பதில்: தோல் பையில் பூட்டி அலுமாரிக்குள் வைப்பதுதான் பூஞ்சணத்துக்குப் பிடித்த இடம். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பத மானி, இவ்வளவும் போதும். மானி 40க்கும் 50 வீதத்துக்கும் இடையில் நிற்கட்டும். கார்த்திகை, மார்கழி மழையில் ஜெல் சீக்கிரம் நிறம் மாறும். சமையலுக்கு எடுக்காத பழைய தாச்சியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் திரும்பவும் பாவிக்கலாம். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம், அதன் மாவுத் தூசு லென்ஸின் வளையங்களுக்குள் புகும். கடற்கரையில் எடுத்து வந்தால் உப்புப் படிந்த உடலைக் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறும். முதலில் நனைத்துப் பிழிந்த துணி, பிறகு காய்ந்தது.