விற்கும்போது 'செட் ஆகும்', பழுதானபின் 'ஓவர்லோடு': மினி டிராக்டர் வாங்கிய வாசகிக்குச் சட்டம் தரும் வழி

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் தோட்டம். வாழையும் மஞ்சளும் போடுகிறோம். வரிசைக்கு நடுவே உழவு ஓட்ட மினி டிராக்டர் வேண்டும் என்று ஒரு ஷோரூமில் கேட்டோம். 24 எச்.பி. வண்டியை 5,60,000 ரூபாய்க்கும், 5 அடி ரோட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) 1,10,000 ரூபாய்க்கும் கொடுத்தார்கள். ரோட்டவேட்டரையும் எடுத்தால்தான் வண்டி டெலிவரி என்றார்கள். "எல்லா வண்டிக்கும் செட் ஆகும்" என்றும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், ரோட்டவேட்டரை வண்டியில் மாட்டும் பின் (pin) ஏறவில்லை. ஷோரூம் மெக்கானிக்கே வந்து பின்னைக் கடைந்து, ஷாஃப்டை அறுத்து மாட்டிவிட்டுப் போனார். மூன்றே மாதத்தில் பி.டி.ஓ. (என்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் சுழல் தண்டு) பக்கம் சத்தம் வருகிறது. ரோட்டவேட்டரைத் தூக்கினால் முன்சக்கரம் எழும்புகிறது. கேட்டால், "பெரிய ரோட்டவேட்டர் போட்டு ஓவர்லோடு செய்துவிட்டீர்கள், வாரண்டி கிடையாது" என்கிறார்கள். வண்டி என் பெயரில், ஓட்டுவது மகன். எப்போதாவது பக்கத்துத் தோட்டத்துக்கும் வாடகைக்குப் போவான். ரோட்டவேட்டருக்கு பில் இல்லை, துண்டுச்சீட்டில் எழுதிய கொட்டேஷன்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க முடியுமா? அதுவரை வங்கித் தவணையை நிறுத்தலாமா?
வாசகி, ஈரோடு மாவட்டம்.

பதில்: அம்மா, தவணையை நிறுத்தாதீர்கள். உங்கள் சண்டை ஷோரூமோடு. கடன் ஒப்பந்தம் வங்கியோடு. தவணை நின்றால் வங்கி வண்டியை எடுத்துப் போகும். அதன்பின் உங்கள் வழக்குக்கு முக்கியச் சாட்சியான அந்த வண்டியே உங்கள் கையில் இருக்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "பெரிய ரோட்டவேட்டர் போட்டதால் ஓவர்லோடு" என்று ஷோரூம் சொல்வதைக் கேட்டு நீங்கள் சோர்ந்துவிட்டதாகக் கடிதத்தில் தெரிகிறது. எனக்கோ அதுதான் உங்கள் வழக்கின் மிகப் பெரிய பலமாகத் தெரிகிறது. அந்த ரோட்டவேட்டரைத் தேர்ந்தெடுத்தது யார்? விற்றது யார்? பொருந்தாததைக் கடைந்து மாட்டியது யார்? மூன்றுக்கும் பதில் ஒரே ஷோரூம். ஆகவே முதல் வேலையாக, அவர்கள் வாயால் சொன்ன அந்தக் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், "இந்தக் காரணம் சொல்லி வாரண்டியை மறுக்கிறீர்கள், சரிதானா?" என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது ஆவணம்தான்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் பிரிவு 16(1) உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. எந்த உபயோகத்துக்கு வேண்டும் என்பதை விற்பவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய திறமையையும் தேர்வையும் நம்பி ஒருவர் வாங்கினால், அந்தப் பொருள் அந்த உபயோகத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது விற்பனையின் நிபந்தனை. பில்லில் எழுதவே வேண்டியதில்லை. சட்டமே அதைச் சேர்த்துவிடுகிறது. நீங்கள் வாழை வரிசைக்கு நடுவே ஓட்டவேண்டும் என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறீர்கள். எந்த வண்டிக்கு மாட்டப் போகிறீர்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும், அதை விற்றவர்களே அவர்கள்தானே.

இதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. குறிப்பிட்ட பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினால் இந்த நிபந்தனை எழாது. "அந்த அம்மாவே இந்த கம்பெனி, இந்த மாடல் என்று கேட்டார்" என்று எதிர்த்தரப்பு பதில் மனுவில் எழுத வாய்ப்பு அதிகம். அதனால் வாங்கிய நாளில் நடந்த பேச்சு முக்கியம். உடன் வந்தவர் யார், விற்பனையாளர் அனுப்பிய படங்கள், குரல் பதிவுகள் என்னென்ன என்பதை இன்றே திரட்டுங்கள். பழைய செல்போனை விற்றுவிடாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது 2023-ஆம் ஆண்டு பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தின் பிரிவு 63-ன்படி சான்றிதழும் இணைக்கவேண்டும்.

பொருந்தவில்லை என்பதை எண்களால் காட்டவேண்டும். ரோட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ.-வில் கிடைக்கும் சக்தி. அது என்ஜின் எச்.பி.-யைவிடக் குறைவு. 5 அடி ரோட்டவேட்டரைப் பொதுவாக 35 எச்.பி.-க்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான் பரிந்துரைப்பார்கள். பின் ஏறாததற்கும் காரணம் உண்டு. கருவியை வண்டியின் பின்புறம் மாட்டும் மூன்று புள்ளி இணைப்பில் அளவுக்கேற்ப 'கேட்டகரி' உண்டு. கேட்டகரி 1 என்றால் கீழ்ப்புற லிங்க் பின் 22 மில்லிமீட்டர், கேட்டகரி 2 என்றால் 28 மில்லிமீட்டர். மினி டிராக்டர் பலவற்றில் கேட்டகரி 1-இன் குறுகிய வகைதான் வரும். 28 மில்லிமீட்டர் பின்னைக் கடைந்து 22-க்குள் நுழைத்திருந்தால், சுமையைத் தாங்கவேண்டிய பின் மெலிந்துபோயிருக்கும். ஹைட்ராலிக் தூக்குதிறன் என்று கேட்லாக்கில் இருக்கும் எண்ணும் லிங்கின் நுனியில் அளந்தது. எடை வண்டியை விட்டுப் பின்பக்கமாகத் தள்ளிப்போகப் போக அது குறையும். முன்சக்கரம் எழும்புகிறது என்கிறீர்களே, அது உயிருக்கே ஆபத்து. வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ரோட்டவேட்டரை மாட்டி இனி ஒரு சால்கூட ஓட்டவேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

வண்டியின் ஆபரேட்டர் கையேட்டிலும் கேட்லாக்கிலும் இந்த எண்கள் இருக்கும். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. தெற்கில் அனந்தப்பூர் அருகே கார்லதின்னெவில் உள்ள நிலையம் பண்ணைக் கருவிகளைச் சோதிக்கிறது. உங்கள் மாடலுக்கு அறிக்கை இருந்தால் இணைத்துவிடுங்கள். கூடவே, வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளருக்கு மனு கொடுத்து, நேரில் பார்த்து அறிக்கை தரக் கேளுங்கள். அதுவரை வெளிப் பட்டறையில் எதையும் வெல்டிங் வைக்கவோ கழற்றவோ வேண்டாம். கடைந்த பின், அறுத்த ஷாஃப்ட் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவர்கள் மாட்டியதை நீங்கள் மாற்றினால், பழி உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

வழக்கை நுகர்வோர் ஆணையத்தில் போடும்போது, வாடகைக்கு ஓட்டினால் நுகர்வோர் இல்லை என்று வாதாடுவார்களே என்ற கவலை வந்தால் அது நியாயமானது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7) வணிக நோக்கில் வாங்குவோரை விலக்குகிறது. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கிப் பயன்படுத்துவதை அது வணிக நோக்கமாகக் கொள்வதில்லை. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த 1995-ஆம் ஆண்டு லக்ஷ்மி என்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. ஒன்றிரண்டு பேர் உதவியோடு தானே இயக்கினால் நுகர்வோர்தான்; முழுக்க வேறொருவர் இயக்குவதற்காக வாங்கினால் இல்லை. மகன் ஓட்டுவதால் உங்களுக்குக் குறை வராது. 'தானே' என்பதில் குடும்பத்தாரும் அடக்கம் என்று சீமா என்ஜினியரிங் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2012-இல் நேஷனல் சீட்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் விதை வாங்கிய விவசாயிகளும் நுகர்வோரே என்று தீர்ப்பானது. மனுவில் வாடகையை மறைக்காதீர்கள். சொந்தத் தோட்டத்துக்கே வாங்கியது, எப்போதாவதுதான் வெளியே போகும், ஓட்டுவது மகன் என்று உள்ளபடி எழுதுங்கள்.

ரோட்டவேட்டரை எடுத்தால்தான் வண்டி என்றது பிரிவு 2(41)-ன்படி கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை. பில் தராதது பிரிவு 2(47)-ன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். துண்டுச்சீட்டோடு, பணம் போன வங்கிக் கணக்கு விவரத்தையும் சேருங்கள்.

திருப்பிக் கொடுக்க முடியுமா என்றால், முடியும். ஆனால் ரோட்டவேட்டருக்கும் வண்டிக்கும் ஒரே பதில் இல்லை. ரோட்டவேட்டரைத் திருப்பிக் கொடுத்து முழு விலையையும் வட்டியோடு கேட்கலாம். வண்டி அடிப்படையில் நல்ல வண்டியாக இருந்து, கெட்டது பி.டி.ஓ. கியர்பாக்ஸ் மட்டும் என்றால், முழு விலையைத் திருப்பிக் கேட்பதைவிட இலவசமாகச் சரிசெய்யவும், இழந்த உழவு நாட்களுக்கு ஈடு தரவும் கேட்பதே நிலைக்கும் என்பது என் கருத்து. பிரிவு 39-ன்படி ஆணையம் பழுது நீக்கம், மாற்றுப் பொருள், பணம் திரும்ப, நஷ்ட ஈடு எல்லாவற்றுக்கும் உத்தரவிடலாம். இதே சட்டத்தில் தயாரிப்புப் பொறுப்பு என்ற அத்தியாயமும் உண்டு. ஆனால் அது பொருளுக்கே ஏற்பட்ட சேதத்துக்குப் பொருந்தாது. ஆளுக்குக் காயம் போன்றவற்றுக்குத்தான். அதை இங்கே இழுக்காதீர்கள்.

நீங்கள் கொடுத்த விலை மொத்தம் 6,70,000 ரூபாய். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். உங்கள் தொகைக்குக் கட்டணம் 200 ரூபாய். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஈரோடு மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். காலக்கெடு 2 ஆண்டு. ஷோரூம், டிராக்டர் தயாரிப்பாளர், ரோட்டவேட்டர் தயாரிப்பாளர் மூவரையும் எதிர்த்தரப்பாக்குங்கள். இல்லையென்றால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டிவிட்டு நழுவுவார். முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம்.

நோட்டீஸ் போனதும் "சின்ன ரோட்டவேட்டர் மாற்றித் தருகிறோம், விட்டுவிடுங்கள்" என்று சமரசத்துக்கு வரலாம். நல்ல சமரசத்தை நான் தடுக்கமாட்டேன். ஆனால் கியர்பாக்ஸைச் செலவின்றிச் சரிசெய்து, அதற்குப் புதிய வாரண்டி கொடுத்து, மாற்றும் கருவிக்கு முறையான பில் தரவேண்டும். அந்த பில்லிலேயே உங்கள் டிராக்டர் மாடல், பி.டி.ஓ. எச்.பி., இணைப்பின் கேட்டகரி, கருவியின் அகலம், எடை இவற்றோடு "மேற்கண்ட வண்டிக்குப் பொருந்தும்" என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்தால் மட்டுமே சம்மதியுங்கள்.