கிரிக்கெட் பந்து ஸ்விங் ஆவதும் (காற்றிலேயே பக்கவாட்டில் விலகுவதும்) கால்பந்து வளைவதும் ஒரே காரணத்தாலா?

இல்லை. வீட்டில் பந்து வீசப் பழகும் பிள்ளைக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டையும் ஒன்றென்று நம்பி இரண்டு வருடத்தைத் தொலைத்தவன் நான்.

கால்பந்து சுழற்சியால் வளைகிறது. ஓரத்தில் உதை விழுந்தால் பந்து சுற்றிக்கொண்டே காற்றை ஒரு பக்கமாகத் தள்ளும், தான் எதிர்ப்பக்கம் போகும். மேக்னஸ் விளைவு என்பார்கள். 1997இல் பிரான்சுக்கு எதிராக ராபர்ட்டோ கார்லோஸ் சுமார் 35 மீட்டரிலிருந்து அடித்த ஃப்ரீ கிக் அப்படித்தான் வெளியே போய் உள்ளே திரும்பியது.

என் பள்ளிக் கோச் இதையே கிரிக்கெட்டுக்கும் சொன்னார்: "மணிக்கட்டைத் திருப்புடா, தானா வளையும்." திருப்பித் திருப்பி வீசினேன். ஸ்டிச் பால், அதாவது தையல் போட்ட தோல் பந்து, நேராகவே போனது.

கல்லூரியில் ஒரு சீனியர் அண்ணன் பழைய பந்தில் தையலுக்கு ஒரு பக்கம் மட்டும் வெள்ளை பெயின்ட் அடித்துக் கொடுத்தார். கீப்பர் இடத்தில் நின்று பார்த்தவர், "தம்பி, சிவப்பும் வெள்ளையும் கலந்து ரோஸ் கலரா வருது. சீம், அதான் தையல், தள்ளாடுது" என்றார். அங்கேதான் புரிந்தது. இரண்டு விரல் தையலின் இருபுறமும், கட்டைவிரல் அடியில், மணிக்கட்டு பந்துக்கு நேர் பின்னால். பந்து தையல் வழியே பின்னோக்கி மட்டும் சுழல வேண்டும். அந்தச் சுழற்சி தையலை ஆடாமல் பிடித்துவைக்கத்தான். சுமார் 20 டிகிரி சாய்ந்த தையல் ஒரு பக்கக் காற்றைக் கலைத்துவிடும். கலைந்த காற்று பந்தை அதிக நேரம் ஒட்டிக்கொண்டு போகும், மறுபக்கம் சீக்கிரம் பிரிந்துவிடும். பந்து தையல் காட்டும் பக்கம் ஒதுங்கும்.

மூன்றாவது வாரம் இரண்டு நிறமும் தனித்தனியாகத் தெரிந்தன. அடுத்த மேட்சில் ஆஃப் ஸ்டம்புக்கு வந்த என் பந்து ஸ்லிப் பக்கம் விலகியதை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கிறேன்.

ஸ்பின்னரின் பந்து காற்றில் நகர்வது மேக்னஸ் விளைவுதான், மறுக்கவில்லை. ரிவர்ஸ் ஸ்விங்கில் பந்து தையல் காட்டும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போகும், அதுவும் தெரியும். கேள்வி சாதாரண ஸ்விங்கைப் பற்றியது என்றே எடுத்துக்கொண்டேன்.

கோச்சை மட்டும் குறை சொல்லவும் மனமில்லை. வாரத்துக்கு இரண்டே பி.டி. பீரியட், அதையும் பரீட்சை வருகிறது என்று கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். பத்தாம் வகுப்பில் ஜனவரிக்குப் பிறகு நாங்கள் மைதானத்தையே பார்க்கவில்லை. அவர் எப்போது எங்கள் விரலைப் பிடித்துச் சரிசெய்வார்?