குவாலிஸ் அப்பச்சியும் பலேனோ ரகசியமும்

கேள்வி: எங்கள் அப்பச்சி 2002-இல் வாங்கிய டொயோட்டா குவாலிஸை இன்னமும் ஓட்டுகிறார். முட்டி வலியால் ஏறி இறங்கச் சிரமம். சின்ன கார் வாங்கலாம் என்றால், டொயோட்டா தவிர வேறு எதையும் பார்க்க மாட்டேன் என்கிறார். ஷோரூமில் கிளான்ஸாவைப் பார்த்துவிட்டு சந்தோஷமாக வந்தவரிடம் 'அது பலேனோதான் அப்பச்சி' என்றேன். இரண்டு நாளாகப் பேச்சில்லை. நான் சொன்னது தப்பா?
- பள்ளத்தூர் வாசகர்

பதில்: தப்பில்லை. ஆனால் வீட்டுக்குள் வந்து ஒரு வாய் காபி குடித்த பிறகு சொல்லியிருக்கலாம்.

2019-இல் வந்த கிளான்ஸா மாருதி சுசூகியின் பலேனோவேதான். என்ஜின் சுசூகியுடையது, தயாராவதும் குஜராத்தில் சுசூகி ஆலையில்தான், முகப்பும் சின்னமும் மட்டும் டொயோட்டா. அப்பச்சிக்கு ஏன் சுட்டது என்றால், அவர் வைத்திருப்பது வேறு ஜாதி வண்டி. குவாலிஸ் 2000-இல் வந்தபோது அதன் பெட்டி உருவத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, இந்தோனேசியாவில் கிஜாங் என்ற பெயரில் ஓடியதைத்தான் இங்கே இறக்கினார்கள். 2.4 லிட்டர் டீசல், டர்போகூடக் கிடையாது, சக்தி 75 குதிரையை ஒட்டித்தான், மேட்டில் முக்கும், ஆனால் கெட்டுப்போவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் பின்னால் அண்டா குண்டானோடு ஊர்ந்து ஊர்ந்து போயும் கொதிக்காத வண்டியை மனுஷன் எப்படி மறப்பார்? நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே 2005-இல் நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள், அந்த வருத்தம் எனக்கே இன்னும் இருக்கிறது.

சரி, சமாதானம் பேச ஒரு வழி சொல்கிறேன். டொயோட்டா, சுசூகி இரண்டுமே தறிக்காரர் வீடு. சகிச்சி டொயோடா தானியங்கித் தறி செய்தவர், அந்தத் தறிக் கம்பெனியிலிருந்துதான் 1937-இல் கார் கம்பெனி பிரிந்தது. மிச்சியோ சுசூகி 1909-இல் ஜப்பானின் ஹமமட்சுவில் தறிப்பட்டறை போட்டார். சகிச்சி டொயோடா பிறந்த ஊர் அதற்குப் பக்கத்திலேயே. கண்டாங்கிச் சேலை நெய்கிற ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டுமா? நகரத்தார் கோயில்களில் இரணியூரும் பிள்ளையார்பட்டியும் மாதிரி அண்ணன் தம்பி முறை என்று சொல்லிப் பாருங்கள். அண்ணன் வீட்டிலிருந்து பதில் மொய்யும் வந்திருக்கிறது: மாருதி 2023-இல் விற்க ஆரம்பித்த இன்விக்டோ, பெங்களூரு பக்கத்துப் பிடதியில் டொயோட்டா செய்கிற இன்னோவா ஹைகிராஸ்தான்.

எனக்குக் கவலை அவருடைய முட்டிதான். குவாலிஸ் உயரம் என்றால் கிளான்ஸா தாழ்வு. உட்காரும்போது தெரியாது, எழுந்திருக்கும்போது கதவைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கும். கொஞ்சம் உயரமான டொயோட்டா டைசரில் நாலு தடவை ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள் (அதுவும் உள்ளே சுசூகி ஃபிராங்க்ஸ்தான், இந்தத் தடவை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்). குவாலிஸை விற்கச் சொல்லாதீர்கள். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்து பசுமை வரி கட்டினால் ஓடும், டைமிங் பெல்ட்டை மட்டும் நாள் கடத்தாமல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஐயா காலத்துப் பூர்வீகத்தைப் பார்க்க யாங்கூன் போனேன். ரோட்டில் வலதுபக்கம் போகிறார்கள், ஆனால் ஸ்டியரிங்கும் வலதுபக்கம்! ஏன்?
- தேவகோட்டை வாசகர்

பதில்: பர்மா 1970-இல் வலதுபக்கத்துக்கு மாறியது. அங்கே ஓடுபவை பெரும்பாலும் ஜப்பானில் ஓட்டிக் கழித்த டொயோட்டாக்கள். ஜப்பானிலோ நம் ஊர் மாதிரி ரோட்டில் போவது இடதுபக்கம்தான், அதனால் ஸ்டியரிங் வலதுபக்கம். முந்தும்போது எதிரே வருவது டிரைவருக்குத் தெரியாது, இடதுபக்கம் உட்கார்ந்தவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த தடவை பின்சீட்டில் உட்காருங்கள்.