கிராண்ட் கான்யன்: ஒரே நாளில் ஆற்றுக்கு இறங்கி ஏறலாமா?

கேள்வி: யூலையில் அம்மாவும் நானும் லொஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் தம்பியிடம் போகிறோம். அவனுடைய காரில் கிராண்ட் கான்யன், அன்டிலோப் கான்யன் இரண்டையும் நாலு நாளில் பார்த்து வருவதாகத் திட்டம். எனக்கு 34 வயது. காலையில் இறங்கி ஆற்றில் கால் நனைத்துவிட்டுப் பின்னேரத்துக்குள் ஏறிவிட முடியுமா? யாழ்ப்பாண வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அந்த வெயில் ஒரு வெயிலா? அம்மாவுக்கு 63, முழங்கால் வலி. பக்கத்தில் கோயில் ஏதும் இருக்கிறதா என்றும் அவர் கேட்கச் சொன்னார். (கொக்குவில் வாசகி)

பதில்: பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் கொலராடோ ஆற்றுக்குப் போகவேண்டாம். யூலையில் வேண்டவே வேண்டாம். ஒரே நாளில் ஆற்றுக்குப் போய்த் திரும்ப முயலாதீர்கள் என்று பூங்கா நிர்வாகமே பாதை தொடங்கும் இடத்தில் பலகை வைத்திருக்கிறது.

நீங்கள் சிவனொளிபாத மலை ஏறியிருப்பீர்கள். நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் கிட்டத்தட்ட ஆயிரம் மீற்றர் ஏற்றம். அங்கே உடம்பில் பலம் இருக்கும்போதே, இரவுக் குளிரில் ஏறுகிறோம். முடியாவிட்டால் திரும்பி இறங்கலாம், இறக்கம் தானாக இழுத்துக்கொண்டு வரும். கான்யன் அப்படியே தலைகீழ். காலைக் குளிரில் சிரித்துக்கொண்டு இறங்குவீர்கள். கால் களைத்து, தண்ணீர் குறைந்து, வெயில் உச்சியில் நிற்கும்போதுதான் மலை தொடங்கும். பிரைட் ஏஞ்சல் பாதையில் ஆறு வரை சுமார் 1,300 மீற்றர் இறக்கம், போய்வர 25 கிலோமீற்றர். முதல் தடவை போனபோது நானும் ஒரு மணி நேரம் இறங்கிவிட்டு, "இவ்வளவுதானா?" என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு மணி நேரத்தை ஏற இரண்டரை மணி நேரம் பிடித்தது. பாதைகள் தொடங்கும் மேல்தரையான தென் விளிம்பே கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரம், நுவரெலியாவையும் விட மேலே. தட்டை நிலத்தில் வளர்ந்த எங்களுக்கு முதல் நாள் படியேறினாலே மூச்சு வாங்கும்.

அடுத்தது வெயில். யாழ்ப்பாணத்துப் பழக்கம் அங்கே உதவாது, சொல்லப்போனால் ஏமாற்றிவிடும். எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் இருக்கிறது. வியர்த்தால் சட்டை ஒட்டும், உடனே தண்ணீரைத் தேடுவோம். பாலைவனக் காற்று வியர்வையைத் தோலிலேயே உலர்த்திவிடும். வியர்க்கவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், சட்டையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். அத்தோடு கீழே போகப்போகச் சூடு கூடும். விளிம்பில் 30 பாகை என்றால் ஆற்றங்கரையில் 40ஐத் தாண்டும். கோடையின் உச்சத்தில் அடியில் நிழலிலேயே 49 வரை போகும்.

தண்ணீரைக் குடித்தால் மட்டும் போதாது. உப்பில்லாமல் வெறும் தண்ணீரை லீற்றர் லீற்றராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும். தலையிடி, குமட்டல், குழப்பம் எல்லாம் வரும். பார்த்தால் தண்ணீர் போதாத ஆளைப் போலவே இருக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், நிலைமை மோசமாகும். அதனால் இங்கிருந்தே உப்பும் சீனியும் கலந்த ஜீவனிப் பைக்கற் நாலைந்து கொண்டுபோங்கள். பருத்தித்துறை வடையும் உப்புக் கச்சானும் அந்தப் பாதைக்கென்றே செய்ததுபோல. உப்பும் இருக்கிறது, பையில் கிடந்து பழுதாகாது.

சரி, இறங்காமலே வருவதா என்று கேட்பீர்கள். இறங்குங்கள், அளவோடு. என்னைக் கேட்டால் தென் கைபாப் பாதையில் சீடர் ரிட்ஜ் வரை. ஒருவழி இரண்டரைக் கிலோமீற்றர், சுமார் 350 மீற்றர் இறக்கம். மலை முதுகில் போகும் பாதை என்பதால் இரண்டு பக்கமும் திறந்த காட்சி. அந்தப் பாதையில் தண்ணீர் கிடையாது, ஆளுக்கு இரண்டு லீற்றருக்குக் குறையாமல் சுமக்க வேண்டும். பாதை தொடங்கும் இடத்துக்குச் சொந்தக் காரைக் கொண்டுபோக விடமாட்டார்கள். பூங்காவின் இலவச பஸ்ஸில்தான் போகவேண்டும், அதிகாலை பஸ்ஸைப் பிடியுங்கள். காலை பத்து மணிக்கு முன் மேலே வந்துவிட வேண்டும். பத்திலிருந்து நாலு வரை ஏறும் வேலையே வேண்டாம். சப்பாத்து பழகியதாக இருக்கட்டும், பயணத்துக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்து இறக்கத்தில் பெருவிரல் நகத்தைப் பதம் பார்த்துவிடும்.

அம்மாவுக்கு விளிம்பு நடைபாதை போதும். யவபாய் அருங்காட்சியகத்திலிருந்து கிராண்ட் கான்யன் கிராமப் பக்கம் சமதரையாக, தார் போட்ட பாதை. அதில் ஒரு மீற்றர் நடந்தால் பத்து இலட்சம் ஆண்டுகள் என்று கணக்கு வைத்து, அந்தந்தக் காலத்துப் பாறைகளைத் தொட்டுப் பார்க்க வைத்திருக்கிறார்கள். மெல்ல நடப்பவர்களுக்கென்றே போட்ட பாதைபோல இருக்கும்.

அன்டிலோப் கான்யன் ஒடுங்கிய பாறை இடுக்கு. பேஜ் நகரத்துக்குப் பக்கத்தில், நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் இருக்கிறது. வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது, முன்பதிவு கட்டாயம். கீழ்ப் பகுதியில் ஏணிபோன்ற செங்குத்தான இரும்புப் படிகள். அம்மாவோடு என்றால் மேல் பகுதியை எடுங்கள். உள்ளே மணல் தரை, வெளியே வரும் வழியில் மட்டும் படிகள். யூலை அங்கே இடிமழைக் காலம். வானம் இருண்டால் வழிகாட்டி பயணத்தையே நிறுத்திவிடுவார், காசு போச்சே என்று சண்டை பிடிக்காதீர்கள். 1997 ஓகஸ்ட் 12 அன்று எங்கோ மேற்புறத்தில் பெய்த மழை அந்த ஒடுக்கத்துக்குள் வெள்ளமாகப் பாய்ந்து 11 பேரைக் கொண்டுபோனது.

நேரத்திலும் கவனம். இரண்டு கான்யனும் இருக்கும் அரிசோனா மாநிலத்தில் கோடைக்காகக் கடிகாரத்தை முன்னே நகர்த்துவதில்லை, நவஹோ நிலத்தில் நகர்த்துவார்கள். அதனால் கைத்தொலைபேசி தானாக ஒரு மணி நேரம் தாவும். முன்பதிவெல்லாம் பேஜ் நகர நேரத்துக்குத்தான், அதாவது அரிசோனா நேரத்துக்கு.

லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து தென் விளிம்புக்கு ஏறத்தாழ 790 கிலோமீற்றர், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய்வரும் தூரம். நாலு நாளில் இரண்டு நாள் றோட்டிலேயே போய்விடும், ஐந்தாக்க முடிந்தால் ஆக்குங்கள். இன்னொன்று, 2026 முதல் அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலுமானவர்களிடம் கிராண்ட் கான்யனில் வழக்கமான கட்டணத்தோடு ஆளுக்கு 100 டொலர் மேலதிகமாக எடுக்கிறார்கள்.

கோயில் கேட்ட அம்மாவுக்கு: கான்யனுக்குள்ளே சிவன் கோயில், விஷ்ணு கோயில், பிரம்மா கோயில் மூன்றும் இருக்கின்றன. மூன்றும் பாறைச் சிகரங்கள். 1880களில் இங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் தொடங்கிவைத்த பெயரிடும் வழக்கம் அது. ஹோப்பி பொயின்ற் முனைக்கு பஸ்ஸிலேயே போய் மாலை வெயிலில் சிவன் கோயிலைப் பார்க்கலாம். கும்பிடுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். கோடையில் காட்டுத்தீ பயம் அதிகம், கற்பூரம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.