டிராக்டர் கொட்டகைத் தூண் அடியில் மக்கினால்

வணக்கம் அண்ணே. சுங்கை சிப்புட்டில் கான்கிரீட்டில் நட்ட மரத்தூண்கள் தரைமட்டத்தில் மக்கி, டிராக்டர் கொட்டகை சாய்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மரம் சுருங்கும்போது கான்கிரீட்டுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழுந்து மழைத்தண்ணீர் தேங்கும். ஈரமும் காற்றும் சேரும் அந்த இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கும். கூரையைப் பிரிக்க வேண்டாம்.

முதலில் டிராக்டரை வெளியே எடுத்துவிட்டு, கொட்டகையைக் கம்பி வடத்தால் மெல்ல இழுத்து நிமிர்த்துங்கள். தற்காலிகமாகக் குறுக்குச் சட்டம் அடியுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே தூண். உத்தரத்துக்கு இரு பக்கமும் முட்டுக் கொடுத்து, பாரம் விலகும் அளவுக்கு மட்டும் ஜாக்கி போடுங்கள். கூடினால் ஜிங்க் தகரத்து ஆணி பிடுங்கிக்கொள்ளும். மக்கலுக்கு மேலே நல்ல மரம் தெரியும்வரை அறுத்து, வெட்டுமுனையில் மரக்காப்பு எண்ணெய் இரண்டு தடவை பூசுங்கள். பழைய கான்கிரீட்டைத் தோண்டிவிட்டு, ஒன்றரை அடி சதுரம், இரண்டரை அடி ஆழக் குழியில் நாலு 10 மி.மீ. கம்பி நிறுத்தி 1:2:4 (சிமெண்ட், மணல், கல்) கலவை ஊற்றுங்கள். இந்தக் கான்கிரீட் கட்டை தரைக்கு மேல் முக்கால் அடியாவது நிற்கணும். அதில் புதைத்த கால்வனைஸ் யூ-பட்டையில் (U வடிவ இரும்புப் பட்டை) தூணை இரண்டு 12 மி.மீ. போல்ட்டால் பிடியுங்கள், மரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் ஓர் அங்குலம் இடைவெளி. ஏழு நாள் கழித்தே பாரம் இறக்குங்கள்.

பலர் கோட்டைவிடுவது இனிமேல்தான். மண்ணில் புதைந்த தூண் தானே நிற்கும். பட்டையில் நிற்கும் தூண் கீல் மாதிரி ஆடும். அதனால் ஒவ்வொரு தூணிலிருந்தும் உத்தரத்துக்கு, மூன்றடி கீழிருந்து 45 பாகையில், 2x4 அங்குலச் சாய்வுச் சட்டம் இரண்டு திசையிலும் போல்ட் போட்டே தீரணும். வெறும் ஆணி, விடியற்காலைச் சூறைக்காற்றுக்குத் தாங்காது.