டிசி வாங்காதீர்கள், கடிதம் கொடுங்கள்

கேள்வி: என் மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் 4-ஆம் வகுப்பு படிக்கிறான். வாயால் கேட்டால் பாடம் முழுக்கச் சொல்வான், எழுதச் சொன்னால் எல்லாம் தப்பு. ‘கொக்கு’ என்றால் ‘காக்கு’ என்று எழுதுகிறான். சிறப்புப் பள்ளியில் சேருங்கள், டிசி தருகிறோம் என்கிறார்கள். இவன் அப்பாவோ சோம்பேறித்தனம் என்று அடிக்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்த அடி நிற்க வேண்டும். ஒற்றைக் கொம்பு, கால், எது முன்னால் எது பின்னால் என்று ஒவ்வொரு எழுத்துக்கும் மல்லுக்கட்டுகிற பிள்ளை, மற்றவர்களைவிட இரண்டு மடங்கு உழைத்துக்கொண்டிருக்கிறான், அவனைப் போய்ச் சோம்பேறி என்பது பெரிய அநியாயம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டிஸ்லெக்சியாவாக, அதாவது வாசிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்குகிற கற்றல் குறைபாடாக இருக்கலாம், ஆனால் கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லக் கூடாது. கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பிள்ளைகளின் குறைபாடுகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவுவதற்காக இருக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அழைத்துப் போங்கள். போகும்போது அவன் நோட்டுகளையும் எடுத்துப் போங்கள், அந்த ‘காக்கு’ இருக்கிற பக்கம் முக்கியம்.

டிசி மட்டும் வாங்கிவிடாதீர்கள். 8-ஆம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நீங்களாகவே எழுதிக் கொடுத்து வாங்கினால் நீக்கியதாக ஆகாது, அதனால்தான் பெரும்பாலும் இப்படிப் பேசியே அனுப்பப் பார்ப்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. அதைச் சீக்கிரம் கண்டுபிடித்து, அதற்கேற்ற மாதிரி சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றுதான் அந்தச் சட்டம் சொல்கிறது, வேறு பள்ளிக்கு அனுப்பச் சொல்லவில்லை.

அப்புறம், கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பள்ளிக்கு வரச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் கேட்க வேண்டியதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான்: முன் வரிசையில் உட்கார வைப்பது, எல்லோர் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்லாமல் இருப்பது, அறிவியலில் விடை சரியென்றால் எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்காமல் இருப்பது, பாதிக் கேள்விகளையாவது வாயால் கேட்பது. எழுதி முடிக்கவில்லை என்று விளையாட்டு பீரியடைப் பிடுங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள், அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் பல பிள்ளைகள் பள்ளிக்கே வருகிறார்கள்!

கற்றல் குறைபாடு இருக்கிறது என்ற மருத்துவச் சான்றிதழ் இருந்தால் 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு எல்லாம் கேட்கலாம். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் காகிதங்களை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள்.

மருத்துவமனைக்குக் கணவரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் பத்து முறை சொன்னதை டாக்டர் ஒரு முறை சொன்னால் கேட்பார். பள்ளியில் வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் கடிதமாகக் கொடுங்கள், இன்னொரு பிரதியில் தேதியோடு கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.