ஆபரேஷனுக்குப் போன இடத்தில் காய்ச்சல் எப்படி ஒட்டிக்கொள்கிறது?

கேள்வி: எங்கள் அப்பத்தா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததில், காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தோம். காயம் நன்றாக ஆறிவந்தது. ஆனால் ஐந்தாம் நாள் இருமலும் காய்ச்சலும் வந்து, பரிசோதனையில் இன்ஃப்ளூயன்சா என்றார்கள். நிமோனியா வரை போய்த்தான் மீண்டார். அடுத்த மாதம் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். குணமாகப் போகும் இடத்தில் இது எப்படித் தொற்றுகிறது? நாங்கள் என்ன செய்யலாம்?
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஐந்தாம் நாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம். இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃப்ளூ வைரஸ் உள்ளே போனால் 1 முதல் 4 நாளுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளே, காய்ச்சலாகத் தெரியும். ஆகவே அப்பத்தா வீட்டிலிருந்து கொண்டுபோயிருக்க வாய்ப்புக் குறைவு. அங்கே யாரோ கொடுத்திருக்கிறார்கள். அது ஊழியராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. ஒருவர் தனக்குக் காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்பே வைரஸைப் பரப்பத் தொடங்கிவிடுவார். ஆர்லிக்ஸும் ஆரஞ்சுமாகப் பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், "லேசாத் தொண்டை கரகரப்பு, வேற ஒண்ணுமில்லை" என்றபடி கட்டிலோரம் உட்கார்ந்திருக்கலாம்.

நம் ஊரில் ஒருவர் படுத்தால் பங்காளிகள், சம்பந்தி வீட்டார் என்று எல்லோரும் போய்ப் பார்த்தாக வேண்டும், போகாவிட்டால் மனத்தாங்கல். தென்கொரியாவிலும் இதே வழக்கம் உண்டு. குடும்பத்தார் நோயாளியோடு தங்குவார்கள், உறவினர் வந்துகொண்டே இருப்பார்கள். 2015-இல் அங்கே மெர்ஸ் என்ற கடுமையான மூச்சுத்தொற்று வைரஸ் பரவியபோது, வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவரில் தொடங்கி 186 பேருக்குத் தொற்றியது, கிட்டத்தட்ட எல்லாமே ஆஸ்பத்திரிகளுக்குள். சியோலில் நெரிசலான ஓர் அவசரசிகிச்சைப் பிரிவில் இருந்த ஒரே நோயாளியிடமிருந்து 80-க்கும் மேற்பட்டோருக்குப் போனது. அவர்களில் நோயாளிகள், நர்ஸுகள் மட்டுமல்ல, துணைக்கு இருந்தவர்களும் பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள்.

பரவும் வழி இரண்டு: காற்று, கை. இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் விழுந்துவிடும். நுண்துளிகள் விழாது, சாம்பிராணிப் புகைபோல, மூடிய அறையில் தங்கி மெல்ல நிறையும். இங்கேதான் ஏசி ரூம் என்று கூடுதல் காசு கொடுத்து ஏமாறுகிறோம். சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, இருக்கிற காற்றையே குளிரவைத்துச் சுற்றிவிடுகிறது.

பெரு நாட்டின் லீமா நகர ஆஸ்பத்திரிகளில் காற்றோட்டத்தை அளந்து 2007-இல் வெளியிட்டார்கள். உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய கட்டடங்களில், ஜன்னல்களைத் திறந்துவைத்தால் மணிக்குச் சராசரி 40 முறை காற்று மாறியது. இயந்திரக் காற்றோட்டம் வைத்த அறைகளில் 12 முறைதான். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. நடுவில் வானம் பார்த்த முற்றம், முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேர்கோட்டில் வாசல்கள் என்று கட்டிய வீடுகள் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் இன்றும் நிற்கின்றன. புது ஆஸ்பத்திரிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கைக்கு வருவோம். குழந்தைகளைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸ் பற்றி அமெரிக்காவில் 1981-இல் ஓர் ஆய்வு வந்தது. நோயுற்ற குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியவர்கள் 7 பேரில் 5 பேருக்குத் தொற்றியது. குழந்தை இல்லாத நேரத்தில் அதன் தொட்டிலையும் சாமான்களையும் தொட்டுவிட்டுத் தங்கள் மூக்கையோ கண்ணையோ தொட்டவர்கள் 10 பேரில் 4 பேருக்கு. தள்ளி உட்கார்ந்து எதையும் தொடாமல் இருந்த 14 பேரில் ஒருவருக்கும் இல்லை. ஆகவே தரைக்கு எத்தனை முறை ஃபினாயில் போடுகிறார்கள் என்று எண்ணுவதில் பெரிய பலனில்லை. கட்டில் கம்பி, ட்ரிப் ஸ்டாண்ட், கதவுப்பிடி, செல்போன், இவற்றையும் கையையும் கவனியுங்கள்.

ஊழியர்கள் விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சளி பிடித்த நர்ஸ் லீவு போட்டால் அந்த ஷிஃப்டுக்கு வேறு ஆள் இருக்காது, சில இடங்களில் சம்பளமும் போகும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுகிறார்கள். 2003-இல் பல நாடுகளில் பரவிய சார்ஸ் என்ற மூச்சுத்தொற்று வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளர். வாங்குவதும் அவர்கள்தான், அறியாமல் கொடுப்பதும் அவர்கள்தான். சம்பளத்தோடு லீவும் வருடாவருடம் தடுப்பூசியும் நிர்வாகம் தரவேண்டியவை.

சரி, அப்பாவுக்கு வருவோம். ஃப்ளூ தடுப்பூசி போடலாமா என்று இப்போதே டாக்டரிடம் கேளுங்கள். பலன் தர இரண்டு வாரம் பிடிக்கும், மழைக்காலமும் சேர்ந்துகொண்டால் இன்னும் அவசியம். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அவருக்குச் சளி, காய்ச்சல் வந்தால் மறைக்காதீர்கள், தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை. ஆனால் ஹெர்னியா வீக்கம் திடீரென்று கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தால் தள்ளிப்போடக் கூடாது, அன்றைக்கே ஓடவேண்டும்.

துணைக்கு ஒரே ஆள், சளி இல்லாத ஆள். மற்றவர்கள் வீடியோ காலில் பேசட்டும். வீட்டுக்கு வந்தபின் பார்க்கலாம் என்று நீங்கள் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள். ஜன்னல் திறக்கும் அறையாகக் கேட்டு வாங்குங்கள். பக்கத்துக் கட்டிலில் இருமல் சத்தம் கேட்டால் இடம் மாற்றித் தரச் சொல்லுங்கள், அதுவரை அப்பாவும் நீங்களும் மாஸ்க் போடுங்கள். அப்பாவைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் கைக்கு சானிடைசர். நர்ஸ் மறந்தால் பாட்டிலை நீட்டி, "சிஸ்டர், இந்தாங்க" என்றால் போதும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அங்கே இருக்கும்போதோ வீடு திரும்பிய இரண்டு மூன்று நாளிலோ காய்ச்சலும் இருமலும் வந்தால், மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துப் பார்க்காதீர்கள். அது வைரஸை ஒன்றும் செய்யாது. ஃப்ளூவுக்கான ஒசெல்டாமிவிர் மாத்திரை, முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். ஆகவே அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் போன் செய்யுங்கள், அப்பத்தாவுக்கு நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.